கியூ பூச்சியம் என்றால் பம்ப் ஏன் சுடுகிறது?

சைக்கிள்கடைப் பெடியன்

எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தரம் கணிதப் பிரிவு, இந்த முறை இரண்டாவது தடவையாகப் பரீட்சை எடுக்கிறேன். போன முறை என்னைக் கவிழ்த்தது பொறிமுறையும் இல்லை, மின்னும் இல்லை, வெப்பம்தான்.

அப்பாவுக்குச் சுன்னாகத்தில் ஒரு சின்னச் சைக்கிள் கடை. ரியூசன் இல்லாத பின்னேரங்களில் நான்தான் அங்கே காற்றடிப்பது. கொம்பிரசர் இருக்கிறது, ஆனால் நேற்றுக் கரண்ட் நின்றுவிட்டது. காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அடிக்கிற பழைய பம்பை எடுத்து ஒரே மூச்சில் மூன்று ரயருக்கு அடித்தேன். முடித்துவிட்டுப் பம்பைத் தூக்கி வைக்கப் போகும்போது அடிப்பக்கத்தில், ரியூப் பொருந்துகிற இடத்தில், பிடித்துவிட்டேன். கை சுட்டுவிட்டது. மேல்பக்கம் சும்மா சாதாரணமாக இருக்கிறது, கீழ்ப்பக்கம் மட்டும் அடுப்பில் வைத்து எடுத்ததுபோல.

இனித்தான் கேள்வி. சேறலில்லாச் செயன்முறைக்கு, அதாவது வெப்பம் வராமல் போகாமல் நடக்கும் மாற்றத்துக்கு, உதாரணமாக சேர் சொன்னது இதே பம்பைத்தான். கெதியாக அமுக்கினால் வெப்பம் உள்ளே வரவோ வெளியே போகவோ நேரம் இல்லை, ஆகவே கியூ, அதாவது கொடுத்த வெப்பம், பூச்சியம் என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வரியிலேயே வெப்பநிலை ஏறும் என்றும் எழுதியிருக்கிறேன். வெப்பமே கொடுக்கவில்லையாம், ஆனால் சூடாகுமாம். நெருப்பும் இல்லை, வெயிலும் இல்லை, அப்படியென்றால் அந்தச் சூடு எங்கேயிருந்து வந்தது? "வெப்பவியக்கவியலின் முதலாம் விதியில் போட்டுப் பார்" என்கிறார்கள். போட்டால் விடை வருகிறது, விளக்கம்தான் வரவில்லை.

வடலி

உராய்வுதான் தம்பி, வேறென்ன. உள்ளே தோல் வாஷர் குழாய்ச் சுவரில் உரசிக்கொண்டே போய் வருகிறது. கையோடு கையைத் தேய்த்தாலே சூடாகிறதே.

பழைய மாஸ்டர்

வடலி, அவசரப்படாதீர். உராய்வு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் உராய்வுதான் காரணம் என்றால் குழாய் முழுக்கச் சூடாக வேண்டும். தம்பி சொன்னதை வடிவாக வாசித்தீரா? மேல்பக்கம் சாதாரணமாக இருக்கிறது, அடிப்பக்கம்தான் சுட்டதாம். வாஷர் மேலேயும்தானே உரசுகிறது.

தம்பி, உம்மிடம் பம்ப் இருக்கிறது, என்னிடம் இல்லை. ஆகவே நீரே பாரும். பம்ப் ஆறிய பிறகு ரியூப்பைக் கழற்றிவிட்டு, ரயர் இல்லாமல், வெறும் காற்றில் அதே வேகத்தில் ஐம்பது அடி அடியும். தொட்டுப் பாரும். பிறகு ரயரில் பொருத்தி ஐம்பது அடி. அதையும் தொட்டுப் பாரும். இரண்டு தடவையும் வாஷர் உரசிய தூரம் ஒன்றுதான். நாளைக்கு வந்து சொல்லும், மிச்சம் கதைப்போம்.

சைக்கிள்கடைப் பெடியன்

செய்து பார்த்தேன் மாஸ்டர். வெறுமனே அடித்தபோது இளஞ்சூடுகூட இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், கை வைத்தால் ஏதோ கொஞ்சம் வித்தியாசம் போல இருந்தது, அவ்வளவுதான். ரயரில் பொருத்தி அடித்தபோது முப்பதாவது அடியிலேயே கீழே பிடிக்க முடியவில்லை. அதோடு கடைசிப் பத்து அடியில்தான் கெதியாகச் சூடேறியது, அடிப்பதும் அப்போதுதான் கஷ்டம். உராய்வு இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. உள்ளே வெப்பம் போகவில்லை. சூடு எங்கிருந்து?

பழைய மாஸ்டர்

நீர் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. "அடிப்பதும் அப்போதுதான் கஷ்டம்." அந்தக் கஷ்டம் எங்கே போனது என்று நினைக்கிறீர்?

முதலில் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். பம்புக்குள் காற்று மூலக்கூறுகள் நாலா பக்கமும் பறந்து சுவரில் மோதித் திரும்புகின்றன. சுவர் அசையாமல் நின்றால் போன வேகத்திலேயே திரும்பும். ஆனால் ஆடுதண்டு, அதாவது பிஸ்டன், கீழே வந்துகொண்டிருக்கும்போது அதில் மோதும் மூலக்கூறு, முன்னுக்கு வருகிற மட்டையில் பட்ட பந்து போன்றது. மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் மார்ச்சில் நடக்கும் 'வடக்கின் போர்' கிரிக்கெட் ஆட்டம் பார்க்கப் போயிருப்பீர்தானே. மட்டையை முன்னே தள்ளி அடித்தால் பந்து வந்ததைவிட வேகமாகப் போகும். கையைத் தளர்த்தி மட்டையைப் பின்வாங்கினால் பந்து காலடியில் செத்து விழும். பம்புக்குள்ளும் இதுதான் கதை. ஒவ்வொரு மோதலிலும் மூலக்கூறு கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு திரும்புகிறது. வாயுவின் வெப்பநிலை என்பது இந்த மூலக்கூறுகளின் சராசரி இயக்கச் சக்தியைக் காட்டும் அளவுதான், வேறு மந்திரம் இல்லை. ஆகவே வெப்பநிலை ஏறியே ஆக வேண்டும். நெருப்பு தேவைப்படவில்லை, உமது தோள் போதும்.

ரயரில் காற்றைத் திறந்துவிடும்போது வால்வு குளிர்வதைப் பார்த்திருப்பீர். அது இதே கதையின் மறுபக்கம். ரயருக்குள் மிஞ்சி நிற்கும் காற்று, வெளியேறும் காற்றைத் தள்ளி வேலை செய்கிறது. அந்த வேலைக்கு யாரும் வெளியிலிருந்து எதுவும் கொடுக்கவில்லை, தன் சொந்தக் கையிருப்பில் எடுத்துத்தான் கொடுக்கிறது.

எவ்வளவு சூடாகும் என்றும் பார்ப்போம், பரீட்சைக்கும் உதவும். 30 பாகையில், அதாவது 303 கெல்வினில், உள்ளே வரும் காற்றை ஒரு வளிமண்டல அமுக்கத்திலிருந்து மூன்றுக்கு அமுக்குகிறீர் என்று வைத்துக்கொள்ளும். வெப்பம் கொஞ்சமும் வெளியேறாது என்று எடுத்துக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 415 கெல்வின் வரும், 142 பாகை. கொதிநீரைவிட நாற்பது பாகை கூட! பயப்பட வேண்டாம், அந்தக் காற்று மிகக் கொஞ்சம். ஒரு அடிக்கு அரை லீற்றர் என்றால் அரைக் கிராமுக்குச் சற்று மேல். அதற்கு நீர் செய்து கொடுத்த கூடுதல் அகச்சக்தி, அதாவது உள்ளே மூலக்கூறுகளிடம் இருக்கும் சக்தி, ஏறத்தாழ 45 யூல். நூறு கிராம் இரும்பை ஒரு பாகை உயர்த்தவும் ஏறத்தாழ அவ்வளவுதான் வேண்டும். ஒவ்வொரு அடியிலும் அதில் ஒரு பங்கு கீழ்ப்பக்க இரும்புக்குப் போகிறது, மிச்சம் காற்றோடு ரயருக்குள் போய்விடுகிறது. அமுங்கிய சூடான காற்று நிற்பது கீழே மட்டும் என்பதால் கீழ்ப்பக்கம் மட்டும் சுடுகிறது. ரயரின் அமுக்கம் ஏற ஏறத்தான் காற்று கூடுதலாக அமுங்க வேண்டும், ஆகவே கடைசிப் பத்து அடியில் சூடு பாய்ந்து ஏறுகிறது. நீர் கண்டது சரி.

கவனியும், அந்த ஒரு அடி நடக்கும் அரை விநாடியில்தான் கியூ பூச்சியம் என்று எடுக்கிறோம், அதுவும் ஏறக்குறையத்தான். அடித்து முடிந்து இரும்பு சுடுவது வேறு கட்டம். அங்கே காற்றிலிருந்து இரும்புக்கு உண்மையிலேயே வெப்பம் போகிறது. உம்மைக் குழப்புவது இந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்திருப்பதுதான்.

இனி "சூடு எங்கிருந்து வந்தது" என்ற கேள்விக்கு வருகிறேன். கேள்விக்குள்ளேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. உமது வங்கிப் புத்தகத்தில் ஐம்பதாயிரம் ரூபா மீதி இருக்கிறது என்று வைப்போம். கனடாவிலிருந்து மாமா அனுப்பியதும் அதில் விழும், கடையில் உழைத்ததும் அதில் விழும். விழுந்த பிறகு மீதி ஒரே தொகைதான். "இந்த ஐம்பதாயிரத்தில் எத்தனை ரூபா கனடாக் காசு?" என்று மனேஜரைக் கேட்டால் உம்மை மேலும் கீழும் பார்ப்பார். மீதிதான் அகச்சக்தி. மாமா அனுப்புவது வெப்பம், கடையில் உழைப்பது வேலை. பொருளுக்குள் வெப்பம் "இருக்கிறது" என்று ஒருவரும் சொல்ல முடியாது. போய்க்கொண்டிருக்கும்போது மட்டும்தான் அதற்கு வெப்பம் என்று பெயர், அதுவும் வெப்பநிலை வித்தியாசத்தால் போனால் மட்டும். உமது பம்புக்கு மாமா ஒரு சதமும் அனுப்பவில்லை, கியூ பூச்சியம். ஆனால் நீர் உழைத்துப் போட்டீர், மீதி கூடியது. மீதி கூடினால் வெப்பநிலை கூடும். அவ்வளவும்தான் முதலாம் விதி.

வடலி

மாஸ்டர், உராய்வு விஷயத்தில் தோல்வியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கனடாக் காசு உதாரணம் எனக்குப் பிடிக்கவில்லை. காசுக்கு வெப்பநிலை எது? மாமா பணக்காரர், அதனால் அனுப்புகிறார் என்பீர்கள். வெப்பம் அப்படியா போகிறது? யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை ஊற்றினால் வெப்பம் தேத்தண்ணியிலிருந்துதான் கடலுக்குப் போகும். அகச்சக்தி என்று பார்த்தால் கடல்தான் கோடீஸ்வரன். ஏழை கோடீஸ்வரனுக்கு அனுப்புகிற கணக்கு இது.

பழைய மாஸ்டர்

நல்ல அடி. ஏற்றுக்கொள்கிறேன், அந்த உதாரணம் முதலாம் விதிவரைக்கும்தான் வரும். எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிப்பது கையிருப்பு இல்லை, மட்டம். ஒரு சிறிய தண்ணீர்த் தாங்கி உயரத்தில் இருந்தால் கீழே இருக்கும் பெரிய தொட்டிக்குத் தண்ணீர் ஓடும், எதில் கூடத் தண்ணீர் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. வெப்பநிலை அந்த மட்டம். தம்பி, வடலி சொன்ன தேத்தண்ணி உதாரணத்தைக் கொப்பியில் எழுதிக்கொள்ளும், என்னுடையதைவிட அது நல்லது.

நீத்துப்பெட்டி

இடையில் வருகிறேன், குறை நினைக்க வேண்டாம். நான் பௌதிகம் படிப்பிப்பவள் இல்லை, உயர்தரத்தில் உயிரியல் படித்து அதோடு நிறுத்திக்கொண்டவள். ஆனால் தம்பியின் கேள்விக்கு நேர் எதிர்க் கேள்வி என் அடுப்பில் தினமும் நடக்கிறது. தம்பிக்குக் கியூ பூச்சியம், ஆனாலும் வெப்பநிலை ஏறுகிறது. எனக்கு அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, கியூ போய்க்கொண்டே இருக்கிறது, ஆனால் பானைத் தண்ணீர் நூறு பாகையில் ஏறியது ஏறியதுதான், அதற்கு மேல் அசைவதில்லை.

2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில்தான் இதை நான் உண்மையாக உணர்ந்தேன். மரவள்ளிக்கிழங்கு அவிக்கும்போது தண்ணீர் கொதித்த பிறகும் அடுப்பை முழுசாகத் திறந்து வைத்திருப்பேன், கெதியாக அவியும் என்ற எண்ணம். தளதள என்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் தண்ணீர் அதே நூறு பாகைதானே. கூடுதலாக எரிந்த காஸ் முழுக்க ஆவியாகிக் குசினி யன்னலால் போனது. அவசரம் என்றால் மூடியை இறுக்கிப் பிரஷர் குக்கரில் வைக்க வேண்டும். அமுக்கம் இரண்டு மடங்கானால் தண்ணீர் கொதிக்க 120 பாகை வரும், அப்போதுதான் கிழங்குக்குக் கூடுதல் சூடு கிடைக்கும்.

அப்புறம் இந்த ஆவி. புட்டு அவிந்ததும் நீத்துப்பெட்டியைப் பானை வாயிலிருந்து தூக்கும்போது விரலில் ஆவி பட்டால் படுகிற பாட்டை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கொதிதண்ணீர்த் துளி தெறித்தால் ஊதிவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆவி பட்டால் கொப்புளம். இரண்டும் நூறு பாகைதான். என் மகளின் புத்தகத்தைப் பார்த்து நானே கணக்குப் போட்டேன். ஒரு கிராம் கொதிநீர் என் தோலில் 37 பாகைக்கு ஆறினால் கொடுப்பது 265 யூல். ஒரு கிராம் ஆவி முதலில் தண்ணீராக மாறும்போதே 2260 யூல் கொடுக்கிறது, பிறகு அதே 265 உம் கொடுக்கிறது. ஒன்பதரை மடங்கு. பிழை இருந்தால் மாஸ்டர் திருத்தவும்.

பழைய மாஸ்டர்

பிழை இல்லை, பிள்ளை. கணக்கு அப்படியே சரி. தம்பி, இதுதான் உமது கேள்வியின் ஜோடி. வெப்பம் கொடுக்காமலே வெப்பநிலையை ஏற்றலாம், வெப்பநிலை ஏறாமலே வெப்பம் கொடுக்கலாம். கொதிக்கும்போது போகும் சக்தி மூலக்கூறுகளை வேகமாக்கவில்லை, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதை விடுவிக்கிறது. பனிக்கட்டிக்கும் அப்படித்தான். ஒரு கிலோ பனிக்கட்டி பூச்சியப் பாகையிலேயே உருக 336,000 யூல் வேண்டும். அதே சக்தியை உருகிய தண்ணீருக்குக் கொடுத்தால் 80 பாகைக்குப் போய்விடும்.

வடலி

அப்படியென்றால் ஒடியல் கூழ் மட்டும் ஏன் எல்லாவற்றையும்விட நாக்கைச் சுடுகிறது? சொதி ஆறிவிடுகிறது, கூழ் பிலாவிலையில் எடுத்து ஊதி ஊதிக் குடித்தாலும் உள்ளே நெருப்பு.

நீத்துப்பெட்டி

தடிப்புத்தான் காரணம். சொதியில் மேலே ஆறியது கீழே இறங்கிச் சூடானது மேலே வரும், அதைத்தான் மேற்காவுகை என்று படித்தோம். கூழ் அசையாது, ஆகவே மேலே ஆடை ஆறிப்போய்க் கிடக்கும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். கலக்கிவிட்டுக் குடியுங்கள்.

காண்டாவனம்

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

முதலாவது, தம்பி குழம்பியதற்கு நம் பாடச் சொற்களும் காரணம். "வெப்பக் கொள்ளளவு" என்றால் வாளிக்குள் தண்ணீர் போல வெப்பத்தைக் கொள்ளும் அளவு என்றுதான் யாருக்கும் தோன்றும். "மறை வெப்பம்" என்றால் எங்கேயோ ஒளிந்து கிடக்கிறது என்று தோன்றும். இந்தச் சொற்கள் பிறந்ததே வெப்பத்தை ஒரு பாய்பொருள் என்று நம்பிய காலத்தில். 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் பனிக்கட்டி உருகும்போது வெப்பநிலை ஏறாததைக் கண்டு, போன வெப்பம் மறைந்து நிற்கிறது என்று பெயர் வைத்தார். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியவரும் அவரே. பாய்பொருள் என்ற எண்ணத்தை முதலில் அசைத்தது 1798 இல் ரம்போர்ட். மியூனிக்கில் பீரங்கிக் குழாய் துளைக்கும்போது சுற்றிவரத் தண்ணீர் வைத்துக் குதிரைகளைக் கொண்டு மழுங்கிய துளைகருவியைச் சுழற்றினார், இரண்டரை மணித்தியாலத்தில் தண்ணீர் கொதித்தது. பார்த்தவர்களுக்கு அதிசயம், நெருப்பே இல்லையே! தம்பியின் கேள்வியும் அதே கேள்விதான், இருநூறு வருடத்துக்கு மேல் பழசு. துளைக்கத் துளைக்க வெப்பம் முடியாமல் வந்துகொண்டே இருந்தால் அது உள்ளே அடைந்து கிடந்த பொருளாக எப்படி இருக்க முடியும் என்று அவர் கேட்டார். பிறகு 1840களில் ஜூல், பாரம் கீழிறங்கும்போது தண்ணீருக்குள் துடுப்புச் சுழலும்படி செய்து, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்று அளந்தார். ஒரு கலோரிக்கு 4.2 யூல் என்று நாம் மனனம் செய்வது அவர் பாதை போட்ட எண். விஞ்ஞானிகள் கொள்கையை மாற்றிவிட்டார்கள், சொல்லை மாற்ற மறந்துவிட்டார்கள்.

(வீட்டில் "மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி" என்று சொல்வதை இதற்குள் கொண்டுவர வேண்டாம். அந்தச் சூட்டுக்கு வெப்பமானி இல்லை.)

இரண்டாவது, எனக்கு வெப்பவியக்கவியலைப் படிப்பித்தது ரியூசன் இல்லை, 90களில் யாழ்ப்பாணத்தில் இருந்த போர்க்காலப் பொருளாதாரத் தடை. பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காது. மோட்டார் சைக்கிள் ஓடியது மண்ணெண்ணெயில். ஆனால் நேரே மண்ணெண்ணெயை ஊற்றி உதைத்தால் நாள் முழுக்க உதைக்கலாம், எஞ்சின் பற்றிக்கொள்ளாது. ஒரு சின்னப் போத்தலில் பொன்போல வைத்திருக்கும் பெற்றோலில் சில துளி காபரேற்றருக்கு விட்டு உதைத்தால் பற்றிக்கொள்ளும். கொஞ்சம் ஓடி எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறலாம். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஓடும். காரணம் இதுதான்: பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும், மண்ணெண்ணெய்க்கு ஆவியாகச் சூடான எஞ்சின் வேண்டும். திரவமாக உள்ளே போன மண்ணெண்ணெய் தீப்பொறிக்கு மசியாது. நான் அப்போது பதினாறு வயது, ஆவியாதல் என்ற சொல்லின் அர்த்தம் காலில் வலித்தது.

லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெசின் வைத்திருந்தவர்களுக்கு வேறு கதை. டீசல் எஞ்சினில் பொறிக்கட்டையே (ஸ்பார்க் பிளக்) இல்லை. தம்பியின் பம்பின் வேலையைத்தான் அது செய்கிறது, ஆனால் மிகக் கடுமையாக. காற்றைப் பதினெட்டில் ஒரு பங்கு கனவளவுக்கு அமுக்கினால், 303 கெல்வினில் தொடங்கிய காற்று கணக்குப்படி 960 கெல்வினுக்கு மேல் போகும், கிட்டத்தட்ட 690 பாகை. அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் அதுவாகவே எரியும். கியூ பூச்சியத்தில்தான் தம்பி உழவு நடக்கிறது.

சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட காலமும் அதுதான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். ரேடியோவைப் பொருத்தாத வரை லேசாகச் சுற்றும், பொருத்தியதும் பெடல் இறுகும். செய்தி இலவசமாக வரவில்லை, வீட்டில் யாராவது ஒருவர் முறை வைத்துச் சுற்றினோம்.

சைக்கிள்கடைப் பெடியன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு இதையெல்லாம் கொப்பியில் திருப்பி எழுதினேன், முதல் தடவையாக எழுதும்போது பொய் எழுதுகிறேன் என்ற உணர்வு வரவில்லை.

ஆனால் இப்போது புதுத் தொல்லை. உழைப்பு முழுவதும் சூடாக மாறலாம், ரம்போர்ட்டின் குதிரைகளைப் போல. அப்படியென்றால் சூட்டை முழுவதும் உழைப்பாக மாற்ற முடியாதா? வடலி அண்ணை சொன்ன பண்ணைக் கடல் கோடீஸ்வரன்தானே. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கரண்ட் செய்தால் என்ன? முதலாம் விதி தடுக்கவில்லையே, கணக்கு சரியாக வருகிறதே.

பழைய மாஸ்டர்

கணக்கு வரும் தம்பி, அதுதான் கவர்ச்சி. ஒரு கன மீற்றர் கடல்நீரை ஒரே ஒரு பாகை குளிர வைத்தால் நாற்பது இலட்சம் யூலுக்கு மேல் வரும். ஒரு யூனிற் மின்சாரம் முப்பத்தாறு இலட்சம் யூல். ஒரு தொட்டித் தண்ணீருக்கு ஒரு யூனிற்றுக்கு மேல்! பண்ணைப் பாலத்தின் இரு பக்கமும் பார்த்தால் தலை சுற்றும்.

தடுப்பது இரண்டாம் விதி. வெப்பத்திலிருந்து தொடர்ந்து வேலை எடுக்க வேண்டுமானால் சூடான ஓர் இடம் மட்டும் போதாது, அதைவிடக் குளிரான ஓர் இடமும் வேண்டும், எடுத்த வெப்பத்தில் ஒரு பங்கை அங்கே கொட்டியே ஆக வேண்டும். கடலும் 30 பாகை, கரையும் 30 பாகை என்றால் எங்கே கொட்டுவீர்? மட்டம் ஒன்றாக இருக்கும் இரண்டு குளத்துக்கு நடுவில் சில்லு வைத்தால் சுழலாது, குளம் எவ்வளவு பெரிதானாலும்.

குளிர்ந்த இடம் இருந்தாலும் முழுவதும் கிடைக்காது. எவ்வளவு கிடைக்கும் என்ற எல்லைக்கு வழி காட்டியவர் கார்னோ, 1824 இல். குளிர்ப்பக்க வெப்பநிலையைச் சூட்டுப்பக்க வெப்பநிலையால் பிரித்து, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும், இரண்டும் கெல்வினில். பிள்ளைகள் பாகையிலேயே போட்டுப் புள்ளியைத் தொலைக்கும் இடம் இது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் 300 மெகாவாற் வீதம் மூன்று அலகுகள் இருக்கின்றன, ஏன் கடற்கரையில் கட்டினார்கள் என்று யோசித்தீரா? நிலக்கரி கப்பலில் வருவது ஒரு காரணம். கழிவு வெப்பத்தைக் கொட்டக் கடல் வேண்டும் என்பது மற்றது. இப்படியான நிலையத்தில் நீராவி 540 பாகை, அதாவது 813 கெல்வின். கடல் 303 கெல்வின். எல்லையே 63 சதவீதம்தான். நடைமுறையில் நாற்பதைத் தொடுவதே பெரிய காரியம், மிச்சம் கடலுக்கும் புகைபோக்கிக்கும்.

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்தால் அறை குளிருமா என்று அடுத்துக் கேட்பீர் என்று தெரியும். குளிராது, சூடாகும். உள்ளே எடுத்ததையும், எடுப்பதற்குச் செலவான கரண்டையும் சேர்த்துப் பின்பக்கத்தால் அதே அறைக்குள்தான் கொட்டுகிறது.

நீத்துப்பெட்டி

கரண்ட் இல்லாத குளிர்சாதனப் பெட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது மாஸ்டர், மண்பானை. சுவரால் கசிகிற தண்ணீர் ஆவியாக வேண்டிய சக்தியைப் பானையிலிருந்தே எடுக்கிறது, உள்ளே குளிர்கிறது. ஆனால் ஆளுக்கு ஏற்ற மாதிரி இல்லை, காற்றுக்கு ஏற்ற மாதிரி வேலை செய்யும். சோளகம் வீசும் மாதங்களில் காய்ந்த காற்று, தண்ணீர் பல்லில் கூசும். ஐப்பசி கார்த்திகை மழையில் காற்று முழுக்க ஈரம், பானைக்குப் போக்கிடம் இல்லை. புழுக்க நாட்களில் வியர்வை காயாமல் நாங்கள் அவிந்துபோவதும் அதனால்தானே?

பழைய மாஸ்டர்

அதனாலேதான்.

சைக்கிள்கடைப் பெடியன்

கடைசியாக ஒன்று, கேட்டால் சிரிக்கக் கூடாது. பௌதிகத்தில் கொடுத்த வெப்பம் சமன் அகச்சக்தி மாற்றம் சக (+) வேலை என்று எழுதுகிறோம். இரசாயனவியலில் அகச்சக்தி மாற்றம் சமன் வெப்பம் சக வேலை என்று எழுதச் சொல்கிறார்கள். வேலை ஒரு சமன்பாட்டில் அந்தப் பக்கம், மற்றதில் இந்தப் பக்கம். எது சரி?

காண்டாவனம்

இரண்டும் சரி. பௌதிகத்தில் வேலை என்பது வாயு செய்த வேலை, எஞ்சின்காரனின் கண்: எனக்கு என்ன கிடைத்தது? இரசாயனவியலில் வாயுவின் மீது செய்யப்பட்ட வேலை, வங்கிப் புத்தகக்காரனின் கண்: உள்ளே என்ன விழுந்தது? உங்கள் பம்பை எடுத்தால் ஒன்றில் வேலை சய (−) 45 யூல், மற்றதில் சக 45 யூல். அகச்சக்தி இரண்டிலும் 45 ஆல்தான் கூடும். விடைத்தாளில் தொடங்கும் முன் "வேலை என்பது வாயு செய்தது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சைக்கிள்கடைப் பெடியன்

எழுதிக்கொண்டேன் அண்ணை. அப்பாவிடம் 142 பாகைக் கணக்கைக் காட்டினேன். அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பம்பைக் கழற்றி உள்ளே இருந்த தோல் வாஷரை எடுத்துக் காட்டினார், கீழ்ப்பக்க ஓரம் கருகின மாதிரிக் காய்ந்து விறைத்திருந்தது. "ரெண்டு ரயருக்கு மேல ஒரே அடியா அடிக்காதே எண்டு உனக்கு எத்தனை தரம் சொன்னனான்" என்றார். தேங்காய் எண்ணெய் பூசி ஊறப் போட்டிருக்கிறோம்.